நான் மாற்றிக் கட்டிய சிவப்பு நூல்

சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. ஐப்பசியில் விடாமல் மழை பெய்து, திருச்சுழி போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாய் ரொம்ப நாளைக்கு அப்புறம் நிறைந்து, மறுகால் போன கார்த்திகை மாதம். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கொத்தமல்லியும் உளுந்தும் மிளகாயும் போட்டுவிட்டு மேகத்தை அண்ணாந்து பார்க்கிற ஊர். அந்த ஊருக்கு என் தங்கை புருஷன் ஒரு பாய்மரப் படகைக் கொண்டுவந்து இறக்கினார் என்றால், யாராக இருந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். நான் பார்த்த பார்வை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

எனக்கு அருப்புக்கோட்டையில் தையல் சாமான் கடை. நூல், ஜிப்பு, பட்டன், லேஸ், ஊசி எல்லாம் உண்டு. தினமும் காலையில் ஊரிலிருந்து பைக்கில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். தங்கை வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி. அப்பா அவளுக்கென்று கொடுத்த வீடு அது. மாப்பிள்ளை வளைகுடா நாட்டில் பத்து வருஷம் வேலை பார்த்தார். பணக்காரர்கள் பொழுதுபோக்காகப் பாய்மரப் படகு விடுகிற ஒரு கிளப்பில், படகுகளைப் பராமரிக்கிற வேலை. அதை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது.

ஒருநாள் சின்ன லோடு வண்டி ஒன்று ஊருக்குள் வந்தது. பின்னால் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு பைபர் படகு, தார்ப்பாய் போட்டு மூடியபடி. ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையில் யாரோ உடைந்துபோனதென்று கழித்துப் போட்டதாம். மாப்பிள்ளை அதை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மாட்டுக்கொட்டகையில் இறக்கி, கதவைச் சாத்திவிட்டார். சரிசெய்து திரும்பக் கடற்கரைக்கே கொண்டுபோகப் போகிறாராம். அங்கே சுற்றுலா வருகிறவர்களைப் பாய்மரப் படகில் கூட்டிப்போகிற ஓர் இடத்தில் வேலை பேசியிருக்கிறாராம். தங்கையும் கூடப் போகிறாளாம்.

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. என் காதருகே வந்து, "ராமேஸ்வரம் பக்கம், படகு, ரெண்டே பேரு. கடத்தல் கிடத்தலா இருக்குமோன்னு எனக்குப் படுதுப்பா. ஒன் தங்கச்சிய நெனச்சாத்தான் பாவமா இருக்கு" என்றார். அவர் சொல்லிவிட்டுக் கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த டீ உள்ளே இறங்கவில்லை.

ஏனென்றால் எனக்குள் அதற்கு முன்னாலேயே ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வந்ததிலிருந்து தங்கை மாறிவிட்டாள். ஒன்பது வருஷமாகப் போய்க்கொண்டிருந்த மில் வேலையைத் திடீரென்று விட்டாள். ஏன் என்று கேட்டால் "பிடிக்கல, விட்டுட்டேன்" என்பாள், அதுவும் சத்தமாக, எதிர்த்துப் பேசுகிற மாதிரி. போன் செய்தால் எடுப்பதில்லை. மாப்பிள்ளை எடுத்து "வேலையா இருக்கா மச்சான், என்ன விஷயம்னு எங்கிட்டச் சொல்லுங்க" என்பார். எந்த ஊரில் அண்ணனோடு பேசுவதற்குப் புருஷன் குறுக்கே நிற்கிறான்? ஒருநாள் தெருவில் பைக்கை நிறுத்தி, அவள் பெயரைச் சொல்லி இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். பத்தடி தூரம்தான். திரும்பாமலேயே நடந்து போனாள். நான் அப்படியே நின்றேன். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தபோதும் ஓர் ஓரமாக உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் லேசாகச் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். "ஒங்க தங்கச்சிக்கு நம்ம வீடு கசந்துபோச்சு" என்றாள் என் மனைவி.

அப்படியிருக்கையில் மாப்பிள்ளை ஒருநாள் கடைக்கே வந்தார். தண்ணீரில் ஊறினாலும் சாயம் போகாத தடித்த நைலான் நூல் வேண்டுமாம். பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்று உருண்டை எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன்.

"கயித்துல அடையாளம் வைக்க மச்சான்."

"கயித்துக்கு என்ன மாப்பிள அடையாளம்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கடையில் நின்ற மற்றவர்களைப் பார்த்துவிட்டு, "அவளுக்குத்தான். பெறகு சொல்றேன்" என்று பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த 'பெறகு' எனக்குள் முள்ளாகத் தைத்தது.

அதற்கப்புறம் நான் வேவு பார்க்க ஆரம்பித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொட்டகையின் தகரத்தில் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். தரையில் நிற்கிற படகுக்குள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை சுக்கானைப் பிடித்திருந்தார். தங்கை கையில் ஒரு வெள்ளைக் கயிறு. அவர் வலது கையின் மூன்று விரல்களில் என் கடை நூல் சுற்றியிருந்தது, ஒன்றில் பச்சை, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சிவப்பு. அவர் ஒரு விரலைத் தூக்குவார். அவள் கயிற்றை விடுவாள், ஓர் இடத்தில் சட்டென்று நிறுத்துவாள். வேறு விரலைத் தூக்குவார். அவள் இழுப்பாள். ஒரு வார்த்தை கிடையாது. கால்மணி நேரம் அப்படியே நடந்தது. பேச்சில்லாமல் பழகிக்கொள்கிற வேலை என்னவாக இருக்கும்? சத்தம் வெளியே கேட்கக் கூடாத வேலையாகத்தானே இருக்கும்?

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, மதுரையில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் காலையிலேயே காரியாபட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். தையல் சாமான் கடைக்காரனுக்கு முகூர்த்த நாள் மனப்பாடம். பிளவுஸுக்கு லைனிங் துணியும் லேஸும் எந்த வாரம் பறக்கும், எந்த வாரம் தூங்கும் என்று காலண்டரைப் பார்த்துத்தான் சரக்கு எடுப்போம். அன்றைக்கு முகூர்த்தமே இல்லை. பொய் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கடையை அடைத்துவிட்டு நேராக ஊருக்கு வந்தேன். தங்கை வீட்டு மாற்றுச் சாவிக்கொத்து எப்போதும் எங்கள் வீட்டில்தான் தொங்கும். எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையைத் திறந்தேன்.

படகை முதலில் வெளியே தட்டிப் பார்த்தேன். பிறகு உள்ளே தட்டிப் பார்த்தேன். எங்காவது கள்ள அறை இருக்கிறதா என்று உட்காருகிற பலகைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். ஒரு பழைய துணியும் இரண்டு மிதவைச் சட்டையும்தான் இருந்தன. அப்புறம் அந்த வெள்ளைக் கயிறு கண்ணில் பட்டது. பாயோடு சேர்ந்த கட்டையில் ஆரம்பித்து, ஒரு கப்பியில் நுழைந்து, வால் பக்கம் சுருட்டி வைத்திருந்தது. வால் பக்கத்தில் மூன்று இடங்களில் நூல் வளையம். வெறும் அடையாளம் என்றால் இரண்டு சுற்று போதும். இது தடித்துக் கிடந்தது. பச்சையில் ஒரு புடைப்பு, மஞ்சளில் இரண்டு, சிவப்பில் மூன்று. விரலால் தடவினால் உள்ளே ஏதோ வைத்துச் சுற்றிய மாதிரி.

தங்கம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். பத்திரிகையில் எத்தனை படித்திருக்கிறோம், எங்கெங்கேயோ ஒளித்துக் கொண்டுவருகிறார்கள் என்று. மெல்லிய கம்பியாக்கி உள்ளே வைத்திருக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்திரி இருக்கும். சிவப்பை வெட்டினேன். நூலுக்கு உள்ளே நூல்தான் இருந்தது. அதற்குள்ளே கயிறு. மஞ்சளை வெட்டினேன். அதுவும் அப்படியே. பச்சையையும் வெட்டிய பிறகுதான், என்ன காரியம் செய்துவிட்டோம் என்று உறைத்தது.

நூல் சுற்றுவது எனக்குக் கைவந்த வேலை. மிச்ச உருண்டைகள் அங்கேயே கூடையில் இருந்தன. அதே மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று புடைப்பு வைத்து, முடிச்சுத் தெரியாமல் ஊசியால் உள்ளே செருகி, அவர் கட்டியதைவிட அழகாகவே கட்டினேன். எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம் என்பது ஞாபகம் இருந்தது. எந்த இடத்தில் என்பதுதான் இல்லை. புதுக் கயிறு, வெள்ளை வெளேரென்று இருந்தது. பழைய வளையத்தின் தடம் எதுவும் அதில் பதியவில்லை. கண் அளவில் ஒரு குத்துமதிப்பாகக் கட்டினேன். வெறும் அடையாளம்தானே, ஒரு முழம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடிமுழுகிப் போகப் போகிறது என்று கதவைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி வாக்கில் படகைக் கண்மாய்க்குக் கொண்டுபோனார்கள். கடற்கரைக்கு ஏற்றும் முன்னால் தண்ணீரில் ஒரு தடவை விட்டுப் பார்க்க வேண்டுமாம். ஊரே கரையில் கூடிவிட்டது. ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டை விட்டுவிட்டு வந்தார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். நானும் கடையைத் திறக்காமல் போய் நின்றேன், வேடிக்கை பார்க்க இல்லை, என்ன ஒத்திகை நடக்கிறது என்று பார்க்க.

இரண்டு பேரும் மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். பாய் ஏறியது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த வெள்ளைப் பாய் காற்றில் உப்பி, செம்மண் தண்ணீரில் அந்தச் சின்னப் படகு சத்தமில்லாமல் நகர்ந்தபோது எனக்கே மனசு ஒரு நிமிஷம் லேசாகிவிட்டது. என் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. மாப்பிள்ளை பச்சை விரலைத் தூக்கினார். அவள் கயிற்றைச் சரிசெய்தாள். கரையில் பெண்கள் குலவை போட்டார்கள்.

நடுக் கண்மாய் தாண்டியதும் காற்று மாறியது. கரைமேல் நின்ற எங்களுக்கே வேட்டி படபடத்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மாப்பிள்ளை மஞ்சள் விரலைத் தூக்கினார். அவள் கயிற்றை விட்டு, வளையம் கையில் தட்டியதும் நிறுத்தினாள். படகு நிமிரவில்லை. சிவப்பு விரலைத் தூக்கினார். அவள் மறுபடி விட்டு, மறுபடி நிறுத்தினாள். பாய் கொஞ்சம்கூடத் தளரவில்லை. அவர் சிவப்பு விரலைத் திரும்பத் திரும்ப ஆட்டினார். அவள் குழம்பிப்போய்க் கயிற்றைத் தூக்கி அவருக்குக் காட்டினாள், இதோ சிவப்புதான் கையில் இருக்கிறது என்று. படகைக் காற்றுக்கு எதிரே திருப்ப அவர் பார்த்தார். அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் முங்கி நின்ற கருவேல மரங்கள். அதற்குள் ஒரே வீச்சு. படகு அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது.

கரையில் எழுந்த கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. மாப்பிள்ளை படகுக்கு அந்தப் பக்கம் விழுந்தார். தங்கை இந்தப் பக்கம். மிதவைச் சட்டை இருந்ததால் முங்கவில்லை. ஆனால் தண்ணீரின் இழுப்பு அவளை உபரித் தண்ணீர் வழிகிற மறுகால் பக்கம் கொண்டுபோனது. கலுங்குக் கல்லுக்கு மேலே முழங்கால் அளவு தண்ணீர் ஓடி, அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குக் கீழே விழுந்துகொண்டிருந்தது. கீழே முழுக்கப் பாறை. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புருஷனைத் தேடி, படகையே பார்த்தபடி மிதந்து போனாள். அவள் போகிற வழியில், அவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ஒரு கருவேல மரம் தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"பின்னாடி மரம் இருக்கு, பிடிச்சுக்க!" என்று கத்தினேன். கரையில் நின்ற அத்தனை பேரும் கத்தினார்கள். நூறு பேர் கத்துகிறோம். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அடிப்பாவி, சாகிற நேரத்திலுமா எங்கள் பேச்சைக் கேட்க மாட்டாய் என்று எனக்குள் ஒரு கோபம் வந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. தங்கை சாவுக்குப் பக்கத்தில் மிதக்கிறாள், எனக்குக் கோபம் வருகிறது.

மாப்பிள்ளை படகைச் சுற்றி நீந்தி வந்தார். அவர் கத்தவில்லை. அதைத்தான் நான் கவனித்தேன். இவ்வளவு பேர் கத்துகிறோம், பெண்டாட்டி போய்க்கொண்டிருக்கிறாள், அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. கையை வீசிப் போட்டு நீந்தி, அவள் முகத்துக்கு நேராக வந்து, தண்ணீருக்கு மேலே எம்பி, கையை நீட்டி அவளுக்குப் பின்னால் காட்டினார். அந்த நொடியே அவள் திரும்பினாள். மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் தங்கைக்குக் காது கேட்கவில்லை.

தெருவில் திரும்பாமல் போனது, போனை எடுக்காதது, சத்தமாகப் பேசியது, விசேஷத்தில் ஒதுங்கி உட்கார்ந்தது, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மூன்று வீடு தள்ளி இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. எழுந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் குதித்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை அவளைப் பிடித்திருந்தார். கரையிலிருந்து கயிறு வீசினார்கள். மூன்று பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். அவள் இரண்டு உள்ளங்கையிலும் கருவேல முள் ஏறி ரத்தமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். தங்கை திண்ணையில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை முற்றத்தில் அந்தக் கயிற்றை நீட்டிப் போட்டு முழம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தப்பு எம்மேலதான் மச்சான். அளவத் தப்பாக் கட்டிருக்கேன். பச்சைக்கும் செவப்புக்கும் ஆறு முழம் இருக்கணும், இதுல ரெண்டரைகூட இல்ல. எப்பிடிக் கட்டுனேன்னே தெரியல. அவளக் கொல்லப் பாத்தேன்" என்றார். படகை விற்றுவிடப் போவதாகவும், கடற்கரை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

பிறகு அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். மில்லில் இரைச்சலுக்கு நடுவே இத்தனை வருஷம் நின்றதாலோ, வேறு எதனாலோ, இரண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டதாம். சூப்பர்வைசர் சொல்வது கேட்காமல்தான் வேலையை விட்டாளாம். செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போனது காது மிஷினுக்கு அளவு கொடுக்க. படகில் 'இன்னும் விடு, போதும்' என்று வாயால் சொல்ல முடியாது, அதனால்தான் நூல். பச்சையில் பிடித்தால் பாய் இறுக்கமாக நிற்குமாம், சிவப்பு வரை விட்டால் பாய் தளர்ந்து படகு நிமிர்ந்துவிடுமாம். பார்க்காமலே கையில் தட்டுப்பட வேண்டும் என்பதற்குத்தான் புடைப்பு. "யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா மச்சான். அன்னைக்கு ஒங்க கடையில வச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு."

நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. வாசலைப் பார்த்தேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரிந்ததோ, என் முதுகில் லேசாகக் கைவைத்தாள்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். சாவி எடுத்தது, கத்திரியால் வெட்டியது, திரும்பக் கட்டியது, எல்லாவற்றையும் வேக வேகமாக முணுமுணுத்தேன். மாப்பிள்ளையின் கையில் இருந்த கயிறு கீழே விழுந்தது. தங்கை அவரைப் பார்த்து, "அண்ணே என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை குனிந்து கயிற்றை எடுத்து ஓரமாக வைத்தார். அவர் அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே அவ மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

போய் அவள் எதிரே உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். என் உதட்டையே பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். நான்தான் அறுத்தேன். நான்தான் தப்பாகக் கட்டினேன். அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. "எதுக்கு அறுத்த? திருப்பிச் சொல்லு" என்றாள். தங்கம் இருக்கிறதென்று நினைத்தேன் என்று சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி, இரண்டாவது தடவை சொன்னேன். ஒரு குற்றத்தை முணுமுணுத்துவிட்டுப் போய்விடலாம். அதையே ஒருத்தி உதட்டிலிருந்து படிக்கும்படி நிறுத்தி நிதானமாகச் சொல்லும்போது ஒவ்வொரு எழுத்தும் சுடுகிறது.

"தங்கமா?" என்றாள். சிரித்துவிட்டாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன், அண்ணனிடம் ஏன் மறைத்தாய் என்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நம்ம கடைக்கு ஒரு அக்கா வரும்ல, காது கேக்காத அக்கா. அது போனதும் அது மாதிரியே பேசிக் காட்டுவ நீ. கடையே சிரிக்கும். நானும் சிரிச்சிருக்கேண்ணே. அதான் பயமா இருந்துச்சு."

எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று நாள் அவள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் காலையில், நான் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள். தோளில் அந்தக் கயிறு, கையில் மூன்று நூல் உருண்டை. மாப்பிள்ளை பின்னால் நின்றார். "படகெல்லாம் விக்கல. அவுக வேணாம்னாலும் நான் போறதாத்தான் இருக்கேன். நீ அறுத்தத நீயே கட்டு" என்று கயிற்றை என் முன்னால் போட்டாள்.

மாப்பிள்ளை முழம் போட்டு இடத்தைக் காட்டக் காட்ட, வாசலில் உட்கார்ந்து நான் கட்டினேன். கட்டி முடித்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, காயம் ஆறாத கையால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இரண்டாவது புடைப்பு சின்னதாக இருக்கிறதென்று மஞ்சளை மட்டும் பிரிக்கச் சொன்னாள். பிரித்து மறுபடி கட்டினேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனாள். மன்னித்தேன் என்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

தை பிறந்ததும் அவர்கள் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். படகில் வருகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, எங்கே உட்கார வேண்டும் என்று கையால் காட்டி, கயிற்றைப் பிடிப்பது இப்போது அவள்தான். காது மிஷின் வந்துவிட்டது. வீட்டில் ஓரளவு கேட்கிறதாம். தண்ணீரில் நனைந்துவிடும் என்று படகில் ஏறும்போது கழற்றி வைத்துவிடுகிறாளாம். போன வருஷம் நானும் என் மனைவியும் போயிருந்தோம். எங்களை ஏற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்வந்தார்கள். பயத்தில் நான் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

காது கேட்காத அந்த அக்கா இப்போதும் கடைக்கு வருகிறார். கல்லாவை விட்டு எழுந்து, அவர் முன்னால் போய் நின்று, என்ன வேண்டும் என்று நிதானமாகக் கேட்கிறேன். முதல் தடவை அப்படிக் கேட்டபோது, இது எதற்கோ என்று அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பார்க்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான்.

சந்தேகக் குணம் என்னைவிட்டு அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். யாராவது நான் கூப்பிட்டுத் திரும்பாமல் போனால் இன்றும் முதலில் கோபம்தான் வருகிறது. பிறகு கால் தானாக நகர்ந்து அவர்கள் முகத்துக்கு நேரே போய் நிற்கிறது. அந்த நாலு எட்டு நடக்கக் கற்றுக்கொள்ள எனக்கு நாற்பத்தாறு வயது ஆகியிருக்கிறது என்பதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.